எனக்கு பொகாச்சாரை நம்பணும்னு ஆசையா இருக்கு

2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல பிளாட்டோ டி பெய் மலை ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். முடியறதுக்கு ஒரு அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்போது முக்கியப் போட்டியாளர் விங்கேகோவை விட்டுட்டு பொகாச்சார் தனியா ஏறிப் போறாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு, எழுந்து நின்னு கத்துறேன். அன்னிக்கே எல்லாரும் டைமை கணக்கு போட்டாங்க. அதே மலையில 1998ல இத்தாலிக்காரர் மார்கோ பண்டானி வச்சிருந்த ரெக்கார்டை மூணு நிமிஷத்துக்கும் மேல முறியடிச்சிருக்காரு, ரெண்டாவதா வந்த விங்கேகோவே பண்டானியை விட வேகம். அதைப் படிச்சதும் பாதி சந்தோஷம் வடிஞ்சுபோச்சு.

ஏன்னா பண்டானி ஓட்டுன காலம் அப்படி. 1999 ஜிரோ டி இத்தாலியா ரேஸ் அவர் கையில இருந்துச்சு, முடிய ரெண்டு நாள்தான் பாக்கி, ரத்தத்துல ஹீமட்டோக்ரிட் (சிவப்பணுவோட பங்கு) லிமிட்டைத் தாண்டி 52 சதவீதம்னு சொல்லி ரேஸை விட்டே அனுப்பிட்டாங்க. 2004ல ஒரு ஹோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தாரு, 34 வயசு. அப்பேர்ப்பட்ட காலத்து ரெக்கார்டை ஒருத்தர் இவ்வளவு வித்தியாசத்துல தாண்டுனா மனசு உறுத்தாதா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சிலர் சொல்றாங்க. சரி, ஆனா எங்களை அரள வச்சது நிஜப் பேய்தானே. அந்தப் பேயோட பேரு ஈபிஓ, கிட்னி கெட்டுப்போனவங்களோட ரத்தசோகைக்கு குடுக்குற மருந்து. அதை நல்லா இருக்குற ஆளுக்கு போட்டா சிவப்பணு ஏறும், தசைக்கு ஆக்சிஜன் கூடுதலா போகும், மூணு வாரம் மலை ஏறுறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுக்கோங்க. அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் 2000 வாக்குலதான் வந்துச்சு. அதுவரைக்கும் உலக சைக்கிளிங் அமைப்பான யூசிஐ 1997ல வச்ச 50 சதவீத ஹீமட்டோக்ரிட் லிமிட் மட்டும்தான். அதாவது 49 வரைக்கும் ஏத்திக்கலாம்னு எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். ஊசி போட்டாங்கங்கறதை நான் எப்பவோ ஜீரணிச்சுட்டேன், ஆனா உண்மையைச் சொன்னவங்களை அவங்க நடத்துன விதம் இருக்கே, அதை என்னால இன்னிக்கு வரைக்கும் மன்னிக்க முடியல.

கிறிஸ்டோஃப் பாஸோன்ஸ்னு ஒரு பிரெஞ்சு ரைடர். 1998ல ஃபெஸ்டினா டீமோட கார் ஒரு வண்டி மருந்தோட பார்டர்ல மாட்டுனப்போ அந்த டீம்ல இருந்தவரு, அவர் மட்டும் எதையும் தொடலைன்னு கூட ஓட்டுனவங்களே சொன்னாங்க. அடுத்த வருஷம் டூர்ல ஓட்டிக்கிட்டே பேப்பர்ல எழுதுனாரு, இந்த வேகம் நம்புற மாதிரி இல்லைன்னு. ஆல்ப் டியூவேஸ் மலை ஸ்டேஜ்ல, அப்ப ரேஸ்ல முதல் இடத்துல இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்துல சைக்கிளைக் கொண்டாந்து, நீ பேசுறது ஸ்போர்ட்டுக்கு நல்லதில்ல, இங்க இருந்து போயிடுன்னு சொன்னாரு. கூட இருந்த ஒருத்தனும் பாஸோன்ஸுக்காக வாயைத் திறக்கல, சொந்த டீம்கூட. மனசு உடைஞ்சு பாதி ரேஸ்லயே வீட்டுக்குப் போனவரு ரெண்டு வருஷத்துல சைக்கிளிங்கையே விட்டுட்டாரு.

2004 டூர்ல ஸ்டேஜ் 18 ஞாபகம் இருக்கா? ஃபிலிப்போ சிமியோனி, இத்தாலிக்காரர், ஆம்ஸ்ட்ராங்கோட டாக்டர் மிகேல் ஃபெராரிக்கு எதிரா ஊக்கமருந்து கேஸ்ல கோர்ட்ல சாட்சி சொன்னவரு. அன்னிக்கு முன்னாடி போன சின்ன குரூப்போட சேரலாம்னு ஓடுனா, ரேஸ்ல முதல் இடத்துல இருக்குறவரு போடுற மஞ்சள் ஜெர்சியோட ஆம்ஸ்ட்ராங்கே துரத்திட்டு வந்தாரு, ரேஸுக்கு எந்த விதத்துலயும் தேவையே இல்லாத துரத்தல். முன்னாடி இருந்தவங்க ஆம்ஸ்ட்ராங்கைப் பின்னாடி போகச் சொல்லிக் கெஞ்சுனாங்க, சிமியோனியும் வந்தாதான் போவேன்னு அவர் சொல்லிட்டாரு. மத்தவங்க சான்ஸ் போயிடக்கூடாதுன்னு சிமியோனியும் போனாரு. அப்புறம் ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பாத்து உதட்டுல ஜிப் போடுற மாதிரி சைகை காட்டுனாரு. நான் அதை லைவ்ல பாத்தேன், கையில ஆம்ஸ்ட்ராங்கோட கேன்சர் அறக்கட்டளை வித்த அந்த மஞ்சள் ரப்பர் பேண்டோட. ஏதோ ரைடர்களுக்குள்ள தகராறுன்னு நினைச்சு கைதட்டுனேன். இப்ப நினைச்சாலும் அவமானமா இருக்கு. ஆம்ஸ்ட்ராங் டீம்ல மசாஜ் பண்ணிட்டிருந்த எம்மா ஓ'ரெய்லி உண்மையைச் சொன்னப்போ அந்தப் பொண்ணை எவ்வளவு கேவலமா பேசினாங்கன்னு இங்க டைப் பண்ணக்கூட கை வரல.

இதுல ஒண்ணு கவனிங்க. ஆம்ஸ்ட்ராங் ஏழு டைட்டிலும் 2012ல பறிபோச்சே, அது லேப் டெஸ்ட்ல மாட்டி இல்ல. அமெரிக்காவோட ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான யூசாடா ரிப்போர்ட்ல 26 பேர் சாட்சி, அதுல 11 பேர் அவரோட பழைய டீம்மேட்ஸ். எத்தனையோ டெஸ்ட் குடுத்தேன், ஒண்ணுலயும் சிக்கலைன்னுதான் அவர் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாரு. மனுஷங்க வாயைத் திறந்ததாலதான் உண்மை வந்துச்சு. 2008ல இருந்து பயாலஜிகல் பாஸ்போர்ட்னு ஒரு முறை இருக்கு, ஒவ்வொருத்தர் ரத்தமும் வருஷம் முழுக்க எப்படி மாறுதுன்னு பாக்குறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா கொஞ்சம் கொஞ்சமா மைக்ரோ டோஸ் எடுக்குறவனை அது மட்டும் வச்சுப் பிடிக்கிறது கஷ்டம்.

அதனால இப்ப பொகாச்சாரை நம்பலாமான்னு யாராவது கேட்டா நான் வாட்ஸ் (பெடல் மிதிக்கிற பவர்) கணக்கு போடுறதில்ல. இன்னிக்கு சைக்கிள் வேற, டயர் வேற, ஒரு மணி நேரத்துக்கு 120 கிராம் கார்போஹைட்ரேட் உள்ள தள்ளுறாங்க, இதெல்லாம் பண்டானிக்கு கிடையாது, வேகம் கூடத்தான் செய்யும். அவர் எந்த டெஸ்ட்லயும் சிக்குனதும் இல்ல. எனக்கு உறுத்துறது அவரைச் சுத்தி இருக்குற ஆளுங்க. அவர் டீமை நடத்துற மௌரோ ஜியனெட்டி 2008ல சோனியே டுவால் டீமை நடத்துனவரு, அந்த வருஷ டூர்ல அவங்க ரைடர் ரிக்கார்டோ ரிக்கோ மருந்து டெஸ்ட்ல மாட்டி அந்த டீமே ரேஸை விட்டு கிளம்புச்சு. அதே மாதிரி கார்பன் மோனாக்சைடை வச்சு ரத்தத்துல ஹீமோகுளோபின் அளக்குறோம்னு பெரிய டீம்கள் சொன்னது 2024ல வெளிய வந்துச்சு, 2025 பிப்ரவரியில யூசிஐ அந்த வாயுவைத் திரும்பத் திரும்ப இழுக்கறதுக்கு தடை போட்டுச்சு, அப்படி இழுத்தா சிவப்பணு ஏறலாம்ங்கறதுதான் சந்தேகம். இதையெல்லாம் கேட்டா உடனே ஹேட்டர்னு முத்திரை குத்துறீங்களே, அதுதான் எனக்கு பயமா இருக்கு, பாஸோன்ஸுக்கு நடந்ததும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

2005ல பாரிஸ் மேடையில நின்னு ஆம்ஸ்ட்ராங், சந்தேகப்படுறவங்களைப் பாத்தா பாவமா இருக்கு, உங்களுக்கு அற்புதத்துல நம்பிக்கை இல்லையேன்னாரு. 2023ல விங்கேகோகிட்ட அதே சந்தேகத்தைக் கேட்டப்போ, பழைய கதையெல்லாம் இருக்கு, நீங்க கேக்குறது நியாயம்தான்னு சொன்னாரு, கோபப்படல. அவர் சுத்தம்னு இது நிரூபிக்காது, எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த பதிலைக் கேட்டப்புறம்தான் அடுத்த ஸ்டேஜை நிம்மதியா பாத்தேன்.

பாஸோன்ஸுக்கு அப்ப 25 வயசு. நாளைக்கு ஏதோ ஒரு சின்ன டீம்ல இருந்து 25 வயசுப் பையன் ஒருத்தன் பேசினா, மறுநாள் ரேஸ்ல அவன் பக்கத்துல யாரெல்லாம் சைக்கிள் ஓட்டுறாங்கன்னுதான் நான் பாப்பேன்.