அந்த நோட்டு எங்க இருக்கு?

ஞாயித்துக்கிழமை உசிலம்பட்டி பக்கம் நம்ம குரூப்பு நடத்துன மருத்துவ கேம்ப் போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. வயசான அம்மா கையில மாத்திரை அட்டை, அதப் புடிச்சுக்கிட்டு சுத்தி ஏழெட்டு கை. விளம்பரமா சேவையான்னு ரெண்டு நாளா சண்டை ஓடுது. எனக்கு அந்த சண்டை வேணாம். அந்த அட்டையில இருந்தது பத்து நாள் மாத்திரை. பதினோராவது நாள் அந்தம்மா என்ன செய்யும்? இதத்தான் கேட்டேன்.

அதுக்கு "வீட்ல உக்காந்து குறை சொல்றது ஈசி"ன்னு பதில் வருது. நான் வீட்ல உக்காரல சார். ஆறு வருசமா லீவு நாள்ல பெஞ்சு தூக்கிருக்கேன், டோக்கன் போட்டுருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமையும் பதிவு நோட்டு எழுதுனது நான்தான்.

சுகரும் பிரஷரும் காய்ச்சல் மாதிரி கிடையாது, பத்து நாள்ல விட்டுட்டுப் போக.

எங்க அப்பத்தா பேரையூர் பக்கம். இப்படித்தான் ஒரு கேம்ப்ல சுகர் இருக்குன்னு சொல்லி பதினஞ்சு நாள் மாத்திரை குடுத்தாங்க. அது ஒண்ணு விடாம சாப்ட்டு முடிச்சுட்டு, சரியாப்போச்சுன்னு நெனச்சுக்கிச்சு, ஏன்னா தீந்ததும் திரும்ப வாங்கணும்னு யாரும் சொல்லல, சொல்லிருந்தாலும் அந்தக் கூட்டத்துல அதுக்குக் கேட்டுருக்காது. எட்டு மாசம் கழிச்சு கால்ல முள்ளு குத்துனது கூடத் தெரியல, புண்ணு புரையோடி, மதுரைக்குத் தூக்கிட்டு வந்து ரெண்டு விரல எடுத்தோம். அப்பவும் அப்பத்தா, "அவுக நல்ல மனுசங்கப்பா, காப்பித்தண்ணியெல்லாம் குடுத்தாக"ன்னுதான் சொல்லுச்சு. அந்த கேம்ப் நோட்டுல அப்பத்தா பேரு இருந்துச்சு, பக்கத்து வீட்டு போன் நம்பர் இருந்துச்சு. ஒரு போன் வரல.

"வேலைக்குப் போற பசங்க மாசாமாசம் எப்படி வருவாங்க?" நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். ஆனா வரவே வேணாமே! ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்குறாங்க. நம்ம லிஸ்ட்ட அந்த ஊரு நர்சம்மா கையில குடுத்துட்டு வந்தா போதும், அரை மணி நேர வேலை. எல்லா ஊருலயும் அது ஒழுங்கா நடக்கலன்னு சொல்றீங்களா, அப்ப நடக்குதான்னு போய்ப் பாருங்க.

நம்ம மதுரையிலயே வழி காட்டிருக்காங்க. 58 வயசுல ரிட்டயர் ஆன டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. முடக்குவாதத்துல கோணிப்போன விரல வச்சுக்கிட்டே ஆபரேஷன் பண்ண மனுசன். ஆபரேஷன் இலவசம்னு சொன்னா மட்டும் சனம் வராது, பஸ்ஸுக்கு காசு வேணும், சாப்பாடு வேணும்னு புரிஞ்சுக்கிட்டு அவங்களே கூட்டிட்டு வந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டு, அதுக்கப்புறமும் கண்ண செக் பண்றாங்க. அந்த அளவு பணம் நம்மகிட்ட இல்லதான். நோட்டு இருக்குல்ல?

ஸ்பான்சர் போட்டோ கேக்குறாங்களாம். பேனர எடுங்க, பெஞ்ச எடுங்க, எங்க மூஞ்சிய எடுங்க. அந்தம்மா மூஞ்சிய எதுக்குப் போட்டு, சுகர் 312ன்னு கீழ எழுதணும்? அதுகிட்ட கேட்டீங்களா? உங்க வீட்டு அம்மாவோட ரிப்போர்ட்ட இப்படிப் போடுவீங்களா? சொல்லுங்க.

இதக் கேட்டதுக்கு நேத்து ராத்திரி குரூப்ல இருந்து என்னைய எடுத்துட்டாங்க. ஆறு வருசம் ஒரே வேன்ல போயி ஒரே பொட்டலத்தப் பிரிச்சு சாப்ட்டவங்க, ஒரு வார்த்தை பேசாம. வலிக்குது, மறைக்க என்ன இருக்கு. எடுத்துட்டுப் போங்க, குரூப்பு உங்களுது.

ஆனா அந்த நோட்டுல 64 பேரு இருக்காங்க. சுகர் இருக்குறவங்க 19 பேருக்கு நேரா நான்தான் சிவப்பு மையில கோடு போட்டேன். இன்னைக்கு புதன், மாத்திரை இன்னும் ஒரு வாரம் வரும். நோட்டு யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நானே வந்து வாங்கிட்டு பைக்ல போயி நர்சம்மாகிட்ட குடுத்துட்டு வர்றேன். காலையில இருந்து மூணு பேருக்கு போன் போட்டுட்டேன், ஒருத்தரும் எடுக்கல.