டீ குடிக்கப் போறதையும் மேப்புல காட்டணுமா?

வடபழஞ்சி பக்கம் ஐடி ஆபீஸ்ல வேலை. கொஞ்ச நாளைக்கு முன்னாடி எல்லார் போன்லயும் ஒரு ஆப் ஏத்த வச்சாய்ங்க. சீலிங்ல அங்கங்க ப்ளூடூத் பீக்கன், அதாவது போனுக்கு சிக்னல் விடுற சின்னக் கருவி, மாட்டியிருக்கு. யார் எந்த மூலையில நிக்கிறாங்கன்னு மொத்த ஆபீஸுக்கும் ஆப் மேப்புல புள்ளியாத் தெரியும். "பக்கத்துல இன்னார் இருக்காங்க, பேசலாமே"ன்னு போன் அதிரும். ஊழியர்கள் இயல்பாப் பழகணும்னு இந்த ஏற்பாடு.

நாங்க பழகிக்கிட்டுதான்யா இருந்தோம்! நாலு மணிக்கு கேட்டுக்கு வெளிய டீக்கடையில டெஸ்டிங், சப்போர்ட், நெட்வொர்க் எல்லாரும் நிப்போம். நாள்கணக்கா மெயில்ல இழுத்துக்கிட்டுக் கிடந்த பிரச்சினை வடை தின்னு முடிக்கிறதுக்குள்ள தீர்ந்திருக்கு. கார்டு தேய்ச்சு வெளிய போற நிமிஷத்தை எல்லாம் கணக்கெடுத்து அந்த டீயை நிறுத்துனது இதே நிர்வாகம்தான்.

தூரமா உட்கார்ந்தா பேச்சு குறையும்ங்கிறது உண்மை. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல தாமஸ் ஆலன் 1970கள்லயே அளந்து சொல்லிட்டாரு, சுமார் 30 மீட்டர் தாண்டுனாலே பேசிக்கிறது சடார்னு விழுந்துரும்னு. சரி, மேசையைப் பக்கத்துல போடுங்க, பொதுவா ஒரு பெஞ்ச் போடுங்க. ஆளைப் பின்தொடர்ந்து புள்ளி வைக்கிறது எதுக்கு?

அதுவும் ஒழுங்காக் காட்டல. சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்குது. நம்ம உடம்பே அந்த அலையை உறிஞ்சிரும், போன் பின்பாக்கெட்டுல இருந்தாலே கணக்கு மாறும். மேல் மாடியில இருக்கிற ஆளை என் பக்கத்துல நிக்கிறதாக் காட்டுது. இதை வச்சு யார் எவ்வளவு பழகுறாங்கன்னு வாராவாரம் மதிப்பெண் போட்டு மேனேஜருக்கு அனுப்புறாய்ங்க!

எனக்கு வயிறு எரியிறது வேற விஷயத்துல. திருமங்கலத்துல இருந்து பஸ்ல வர்ற ஒரு பிள்ளை எங்க டீம்ல இருக்கு. அது கேன்டீன் போனாலும், பாத்ரூம் போயிட்டு வந்தாலும் ஒருத்தன் எதிர்ல வந்து நிக்கிறான். மேப்பைப் பார்த்துட்டுத்தான் வர்றான். இப்ப அந்தப் பிள்ளை போனை டிராயர்ல பூட்டி வச்சுட்டுத்தான் எந்திரிக்குது. உடனே மதிப்பெண் இறங்கிருச்சு. "ஏம்மா யார்கூடயும் பேச மாட்டேங்கிற"ன்னு மேனேஜர் கூப்பிட்டுக் கேட்கிறாரு. தொந்தரவு குடுத்தவனுக்கு நல்ல மதிப்பெண். இதுக்கு யாருய்யா பொறுப்பு?

இது ஒண்ணும் புதுசு இல்ல. கேம்பிரிட்ஜ்ல ஒலிவெட்டி ஆய்வகம் 1990 வாக்குலயே சட்டையில மாட்டிக்கிற 'ஆக்டிவ் பேட்ஜ்' செஞ்சிருச்சு. 15 விநாடிக்கு ஒருதரம் அகச்சிவப்பு சிக்னல் விடும், ஆள் இருக்கிற அறைக்குப் போன் காலைத் திருப்பி விடலாம். இது ஆளைக் கண்காணிக்கவும் பயன்படும்ங்கிற பேச்சு அப்பவே வந்துருச்சு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் 2017ல தீர்ப்பு சொன்னாங்க. சம்மதம்னா நிபந்தனை இல்லாம, சுதந்திரமாக் குடுத்ததா இருக்கணும்னு 2023ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. எங்ககிட்ட அப்ரைசல் நேரத்துல வாங்குனாய்ங்களே, அது சுதந்திரமாக் குடுத்த சம்மதமா?

வேணும்ங்கிறவங்க மட்டும் ஆன் பண்ணட்டும். இதுவரைக்கும் சேர்த்த பதிவை அழிங்க. மதிப்பெண்ணைத் தூக்குங்க. அந்தப் பிள்ளை புகார் குடுத்திருக்கு, அதை முதல்ல விசாரிங்க. நாலு மணிக்கு ஒரு கால்மணி நேரம், கார்டு தேய்க்காம, எங்களை வெளிய விடுங்க.