எரேமியா 29 யாருக்கு எழுதிய கடிதம்?

கலண்டர், வாக்குத்தத்த அட்டை, ஓட்டோவின் பின்கண்ணாடி என்று யாழ்ப்பாணத்தில் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிற வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் அதுதான், ஏ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் அதுதான். ஆறுதல் தேடி அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுப்பதால், எங்கள் சனத்துக்கு மிக நெருக்கமாக இருக்கவேண்டிய ஒரு கடிதத்தை வாசிக்காமலே விட்டுவிடுகிறோம். எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி, இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசன் யோயாக்கீனையும் அவன் தாயையும் பிரதானிகளையும் தச்சர், கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஆலயம் அப்போது இடிக்கப்படவில்லை. அது நடக்க இன்னும் பத்து வருடம் இருந்தது. அதனால் போனவர்களும் ஊரில் மிஞ்சியவர்களும் "இது கொஞ்சக் காலம்தான், திரும்பிவிடலாம்" என்றே நம்பினார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்திலே எல்லாரும் கேட்க எழுந்து நின்று, இரண்டு வருடத்துக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்புவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் வரும் என்கிறான். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். சனம் கேட்க விரும்பிய பிரசங்கம் அதுதான். எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது. அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அது உண்மையில்லை என்று பிறகு சொல்ல வேண்டி வந்தது.

அடுத்த அதிகாரத்தில் கடிதம் போகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்களுக்கும் சமாதானம். தங்களைப் பிடித்துக்கொண்டு போனவனின் ஊருக்காக ஜெபிக்கச் சொல்கிற வரி இது. பிறகு 10ஆம் வசனம்: பாபிலோனுக்கு எழுபது வருடம் முடிந்த பின்பே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன். 11ஆம் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கடிதத்தை முதலில் கேட்ட வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பாமலே சாவார்கள் என்பதுதான் அதன் பொருள். 11ஆம் வசனம் சொல்கிற "எதிர்பார்த்திருக்கும் முடிவு" பேரப்பிள்ளைகளுக்கு. பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் கோபப்பட்டு, இந்த எரேமியாவை ஏன் நீங்கள் கண்டிக்கவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் எழுதியதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. இன்றைக்கு எங்களை ஆறுதல்படுத்துகிற கடிதம் அன்றைக்குக் கேட்டவர்களில் சிலருக்கு ஆத்திரமூட்டியது.

அந்த எழுபதை நாட்காட்டியில் எண்ணிப் பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். 597இலிருந்து பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்த 539 வரை 58 வருடம்தான். எழுபது என்பது ஒரு மனித ஆயுளைக் குறிக்கும் வட்டமான எண் என்றே ஆய்வாளர்கள் பலரும் எடுக்கிறார்கள். சங்கீதம் 90:10 அதே கணக்கைச் சொல்கிறது. இதற்குப் பொருத்தமான வெளிச்சான்றும் உண்டு. அசீரிய அரசன் எசரதோனின் பொறிப்பு ஒன்றில், பாபிலோன் எழுபது வருடம் பாழாய்க் கிடக்கவேண்டும் என்று மர்தூக் தெய்வம் விதித்து, பிறகு மனமிரங்கி எண்ணைத் தலைகீழாக்கிப் பதினோராம் வருடத்திலேயே நகரைக் கட்டச் சொன்னதாக வருகிறது. அவர்கள் களிமண்ணில் எழுதிய ஆப்பெழுத்தில் 60க்கும் 1க்கும் ஒரே நிமிர்ந்த ஆப்புக்குறி. அதற்குப் பின் பத்துக்குரிய குறி வந்தால் 70. இடம் மாற்றினால் பத்தும் ஒன்றும் சேர்ந்து 11. ஒரு நகரத்தின் தண்டனைக்கு எழுபது வருடம் என்பது அந்த உலகத்தில் எல்லாருக்கும் விளங்கிய பேச்சு.

கடிதத்தைக் கேட்டு நடந்தவர்களும் இருந்தார்கள் போலும். பாபிலோன் அகழ்வில் கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்மாருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. இன்னொரு தொகுதிப் பலகைகளில் 'யூதா ஊர்' என்று பெயரிட்ட ஒரு குடியிருப்பு வருகிறது. கி.மு. 572 தொடக்கம் நூறு வருடத்துக்குக் கிட்ட அங்கே நிலக் குத்தகை, வரி, கடன் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். போன இடத்தில் தங்கள் மண்ணின் பெயரில் ஒரு ஊர்.

இதையெல்லாம் அறிந்தால் வசனம் பலவீனப்படும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகும் என்பது அனனியாவின் வாக்கு. 10ஐ மறைத்துவிட்டு 11ஐ மட்டும் கொடுத்தால் எரேமியாவின் பெயரில் அனனியாவைப் பிரசங்கிக்கிறோம். அட்டை அச்சிடுகிற சபைகள் இரண்டு வசனத்தையும் சேர்த்தே போடலாம், இடம் போதும்.

இந்தப் புத்தகம் உருவான விதத்தையும் அதுவே சொல்கிறது. 36ஆம் அதிகாரத்தில் எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு சுருளில் எழுதுகிறார். வாசிக்க வாசிக்க, யோயாக்கீனின் தகப்பனான யோயாக்கீம் அரசன் மூன்று நான்கு பத்தியாகச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போடுகிறான். பாருக்கு திரும்ப எழுதுகிறார், "இன்னும் அவைகளுக்கொத்த அநேக வார்த்தைகளும்" சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது. இரண்டாம் பதிப்பு முதலாவதைவிடப் பெரிது என்று வேதமே ஒப்புக்கொள்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா புத்தகம் எபிரேயத்தைவிட ஏறக்குறைய எட்டிலொரு பங்கு சிறியது. மொழிபெயர்த்தவர்கள் சுருக்கிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. பிறகு சாக்கடல் பக்கத்திலுள்ள கும்ரானின் நான்காம் குகையில் அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகிற எபிரேயத் துண்டுகளே கிடைத்தன. நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கிரேக்கத்தில் 29:16–20 இல்லை. உங்கள் வேதாகமத்தில் 15ஐ வாசித்துவிட்டு நேரே 21க்குப் போங்கள். பாபிலோனில் எங்களுக்குத் தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள் என்று சொல்கிறீர்களே என்பது 15. அந்தத் தீர்க்கதரிசிகளைப் பற்றியது 21. இடையிலுள்ள ஐந்தும் எருசலேமில் மிஞ்சியவர்களைப் பற்றிப் பேசுகின்றன. தையல் எங்கே என்று கண்ணுக்கே தெரியும்.

"புதிய மொழிபெயர்ப்புகளில் வசனங்களை வெட்டிவிட்டார்கள்" என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற குற்றச்சாட்டையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒன்று என வருகிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி இல்லை. லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். அங்கிருந்து அச்சுப் பிரதிகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் பரவியது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் நீக்கியது பிற்காலத்தில் சேர்ந்ததை. திரித்துவ விசுவாசம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை, மத்தேயு 28:19 அப்படியே இருக்கிறது. மாற்கு 16:9–20உம் சினாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுப் படிகளில் இல்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் எண்ணான 666ஐத் தடுப்பூசியிலும் சிப்பிலும் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சில பழைய படிகளில் அந்த எண் 616. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதி எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் 666, லத்தீன் உச்சரிப்புப்படி 'நேரோன்' என்பதன் கடைசி 'ன்'ஐ விட்டால் 616. இரண்டு எண்ணுக்கும் கணக்கு ஒத்துவருகிற பெயர் அது. ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்ட அந்தப் புத்தகத்தின் பயம் ரோம் அரசைப் பற்றியது.

இப்படி வாசிப்பது வெளியிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று யாரும் சொல்லவேண்டாம். 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்துக்காகப் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு உழைத்த ஆறுமுக நாவலர், சில வருடத்தில் அதே வேதத்தின் பலிகளையும் ஆலய ஆசாரங்களையும் எடுத்துக்காட்டி மிஷனரிமாரோடு வாதிட்டார். யாரும் அட்டையில் போடாத அதிகாரங்களை அந்தச் சைவர் கவனமாகப் படித்திருந்தார்.

தொடங்க விரும்புகிறவர்கள் எரேமியா 27, 28, 29 மூன்றையும் ஒரே இருப்பில் வாசியுங்கள், 71 வசனம், கால் மணித்தியாலம் போதும். அதிகார எண் 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண் 1551இலும் வந்தவை. அதனால் எண்ணைப் பார்த்து நிறுத்தாமல் பேச்சு முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். யார் எழுதுகிறார், யாருக்கு, அவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பழைய மொழிபெயர்ப்பையும் கத்தோலிக்க வீடுகளில் இருக்கிற பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து, வேறுபடுகிற இடத்தில் அடிக்குறிப்பைப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டும் இருப்பது குறைவு, பக்கத்து வீட்டில் மற்றது இருக்கும். கேட்டு வாங்குங்கள், முடிந்தால் அவர்களையும் கூப்பிட்டு ஒன்றாக இருந்து வாசியுங்கள்.