வள்ளியம்மையின் சமாதி ஜோகன்னஸ்பர்க்கில்தான்

அண்ணே, தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற வள்ளியம்மை சிறைக்குள்ளேயே இறந்தார், அவர் சமாதி தில்லையாடியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. தில்லையாடியில் இருப்பது நினைவு மண்டபம். அது தாயாரின் ஊர். வள்ளியம்மை பிறந்து வளர்ந்தது இங்கே ஜோகன்னஸ்பர்க்கில். மாரிட்ஸ்பர்க் சிறையில் பிடித்த காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அடக்கம் செய்தது நகர மையத்தை ஒட்டிய பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில்.

1909இல் சிறைக் கொடுமையால் உயிரிழந்த சத்தியாக்கிரகி நாகப்பனும் அங்கேதான் இருக்கிறார். 1914 ஜூலையில், நாட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, காந்தியே வந்து இருவரின் நினைவுக்கற்களையும் திறந்து வைத்தார்.

அப்புறம், பிராம்ஃபோன்டைன் 'வெள்ளைக்காரர் இடுகாடு' என்று சொல்வதும் பாதி உண்மைதான். 1880களின் கடைசியில் திறந்ததிலிருந்தே எல்லோரையும் புதைத்தார்கள், ஆனால் இனம், மதம் பார்த்துத் தனித்தனிப் பகுதியில். செத்த பிறகும் விடவில்லை! தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் ஒரு பகுதியாக இருக்கும் பாட்டை இயற்றிய ஈனக் சொன்டோங்கா 1905இல் அங்கே புதைக்கப்பட்டார். பதிவேட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் வெறும் 'ஈனக்' என்று எழுதிவிட்டதால் அவர் குழியைக் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆயிற்று. 1996இல்தான் அது தேசிய நினைவுச் சின்னமானது.