நம் எடைக்கு ஹிக்ஸ் பொறுப்பல்ல

"கடவுள் துகள்தான் எல்லாப் பொருளுக்கும் நிறை கொடுக்கிறது" என்று யாராவது பகிரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கடவுள் துகள் என்று செல்லமாக அழைக்கப்படும் ஹிக்ஸ் போசானைக் கண்டறிந்ததாக, 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகம் அறிவித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரி தப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் உடம்பின் நிறை கிட்டத்தட்ட முழுவதும் புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும்தான் இருக்கிறது. எலக்ட்ரானின் நிறை புரோட்டானுடையதில் 1836-ல் ஒரு பங்குதான். அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். புரோட்டானுக்குள் குவார்க் என்னும் அடிப்படைத் துகள்கள் மூன்று: இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். அப் குவார்க்கின் நிறை சுமார் 2.2, டவுன் குவார்க்குக்குச் சுமார் 4.7. (அலகு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பெயர் பயமுறுத்தினால் மறந்துவிடுங்கள், விகிதம் போதும்.) மூன்றையும் கூட்டினால் 9 சொச்சம். புரோட்டானின் நிறையோ 938!

ஹிக்ஸ் புலம் (வெளியெங்கும் பரவியிருப்பது, ஹிக்ஸ் போசான் அதன் அதிர்வு) குவார்க்குகளுக்குக் கொடுத்தது அந்த 9 சொச்சம்தான். மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஆற்றலிலிருந்து. குவார்க்குகளைக் கட்டிவைத்திருப்பது வலுவான விசை. அதைச் சுமப்பவை குளுவான்கள். குளுவானுக்கு நிறையே கிடையாது. ஆனால் அவ்வளவு சின்ன இடத்துக்குள் அடைபட்ட குவார்க்குகள் சும்மா இருக்க முடியாது. குவாண்டம் விதிப்படி, இடம் குறுகக் குறுக உந்தம் கூடும். அந்த ஓட்டத்தின் ஆற்றலும் குளுவான் புலத்தின் ஆற்றலும் சேர்ந்துதான் நமக்கு நிறையாகத் தெரிகிறது. ஆற்றலும் நிறையும் ஒன்றே என்னும் ஐன்ஸ்டைனின் E = mc² சமன்பாடு என்றதும் எல்லோருக்கும் அணுகுண்டுதான் நினைவுக்கு வருகிறது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றாலே அது வேலை செய்வதைப் பார்க்கலாம். இது வெறும் பேச்சும் இல்லை: 2008-ல் ஓர் ஆய்வுக்குழு இந்த விசையின் சமன்பாடுகளை சூப்பர் கணினியில் ஓட்டி, புரோட்டானின் நிறையைச் சில சதவீதப் பிழைக்குள் வரவழைத்தது.

சரி, அப்படியானால் ஹிக்ஸ் எதற்கு? இங்கேதான் எனக்குச் சுவாரசியம். எலக்ட்ரானுக்கும் நிறை கொடுப்பது ஹிக்ஸ் புலம்தான்; அணுவின் அளவோ அந்த நிறைக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. அந்த நிறை பூஜ்யமானால் அணுவே உருவாகாது. அப்புறம், டவுன் குவார்க் அப் குவார்க்கைவிடக் கொஞ்சம் கனம் என்பதால்தான் நியூட்ரான் புரோட்டானைவிடக் கனமாக இருக்கிறது. இது தலைகீழாகி, வித்தியாசம் போதிய அளவு இருந்திருந்தால் ஹைட்ரஜனே நிலைத்திருக்காது. ஆக, ஹிக்ஸின் பங்கு நம் எடையில் சொற்பம், அணுக்களின் அமைப்பில் மிகப் பெரியது. செய்தியில் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. அதே ஹிக்ஸ் புலத்தால்தான், குவார்க்குகளிலேயே கனமான டாப் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 1,73,000 ஆகவும் அப் குவார்க்கின் நிறை 2.2 ஆகவும் இருக்கின்றன. ஏன் இப்படியொரு வித்தியாசம்? துகள்களை விளக்கும் இன்றைய கோட்பாட்டில் அதற்குப் பதில் கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் சோதனையில் அளந்துதான் அதில் போட்டுக்கொள்கிறோம்.