அடக்க ஆராதனையில் ஏலத்தையும் சொல்லுங்கள்

தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மூத்தவர் ஒருவர் நித்திரையடைந்தால், அடக்க ஆராதனையில் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு வரிசை உண்டு. எத்தனை வருடம் கமிட்டியில் இருந்தார், ஓய்வுநாள் பள்ளியில் எந்த வகுப்பு எடுத்தார், பாடகர் குழுவில் எந்தக் குரல் பாடினார் என்று போகும். வருடா வருடம் அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகப் படைக்கும் விளைச்சலையும் பொருளையும் சபைக்காக ஏலம் கூறியதை விட்டுவிடுவோம். சொன்னாலும் கடைசியில் சிரிப்புக்காக ஒரு வரி. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மனிதரைச் சின்னப் பிள்ளைகள் வரை எல்லோரும் நேசித்தது ஏலத்தில்தான். அவருடைய விசுவாசம் ஊர் பார்க்க வெளிப்பட்டதும் அங்கேதான்.

தொண்டை இருந்தால் ஏலம் கூறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மைக் வந்த பிறகு தொண்டைக்கு என்ன வேலை? தெரிந்திருக்க வேண்டியது விலையும் ஆளும். சந்தையில் 400 ரூபாய் போகும் வாழைத்தாரை 200-இல் ஆரம்பிக்க வேண்டும். 400 என்று ஆரம்பித்தால் கூட்டம் பேசாமல் நிற்கும். அந்த மௌனம் அடுத்த நாலு பொருளையும் சேர்த்துக் கெடுக்கும். யாரும் கேட்காவிட்டால் ஒருமுறை இறங்கலாம். இரண்டாம் முறை இறங்கினால், இன்னும் இறங்குவார் என்று எல்லோரும் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். ஏற்றமும் அப்படித்தான். நூறுக்குள் பத்துப் பத்தாக, ஐநூறு வரை ஐம்பது ஐம்பதாக, அதற்கு மேல் நூறு நூறாக. ஆரம்பத்திலேயே நூறு நூறாக ஏற்றினால் கூலி வேலைக்குப் போகிறவர் முதல் சுற்றிலேயே ஒதுங்கிவிடுவார். பிறகு அது நாலு வசதியான வீடுகளின் ஏலம் ஆகிவிடும்.

பொருள் எடுக்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் முறுக்குப் பொட்டலம், ஒற்றைத் தேங்காய், கேக் என்று சின்னதாகத் தொடங்குவார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டுக் கேட்பார்கள், கூட்டம் சூடு பிடிக்கும். கோழியைக் கால் கட்டி வெயிலில் போட்டு வைத்தால் துவண்டுவிடும், அதனால் அது சீக்கிரமே போக வேண்டும். ஆட்டுக்கிடாயும் பெரிய தாரும் கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்துக்கு. பூசணி, நெல், கருப்பட்டி பொறுக்கும்.

பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். 'அடிச்சீப்புல நாலு காய் அடிபட்டிருக்கு, பாத்துக் கேளுங்க' என்று மைக்கில் சொல்கிறவருக்கு அடுத்த வருடமும் ஊர் நம்பிக் கேட்கும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-இல் வாசிக்கிறோம். சபைக்காக என்றாலும் அந்த வசனத்துக்கு விலக்கு கிடையாது.

முட்டை ஏலம் தனி. ஒரே ஒரு முட்டையை ஆயிரத்துக்குக் கேட்டு எடுத்தவர், 'சபைக்கே இருக்கட்டும்' என்று திருப்பித் தருவார். அதே முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். மகிழ்ச்சியான காரியம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் புது எண் போடாவிட்டால் சாயங்காலம் கணக்கு இடிக்கும். எண், பெயர், தொகை, மூன்றையும் பக்கத்தில் ஒருவர் அப்போதே எழுதி, இரண்டு சீட்டு கிழிக்க வேண்டும். ஒன்று எடுத்தவருக்கு, ஒன்று பொருளாளருக்கு. ஏலம் கூறுகிறவர் பணத்தைத் தொடவே கூடாது. பழைய ஆட்கள் இதில் மிகக் கண்டிப்பு. கடற்கரை மீன் ஏலத்தில் கூறுகிறவருக்குக் கமிஷன் உண்டு. இங்கே ஒரு தேங்காய் கூட இல்லை.

இனி, அவரை நேசித்ததற்கான காரணம். 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்பதற்கு நடுவே இருக்கிற நேரம் முழுக்க அவர் கையில். விதவைத் தாய் ஒருத்தி தன் வீட்டுக் கொடியில் காய்த்த ஒரே சுரைக்காயைக் கொண்டுவந்திருப்பாள். அது இருபது ரூபாய்க்குப் போனால் அவள் முகம் என்ன ஆகும்? அதற்கு மட்டும் 'ரெண்டு தரம்' சொல்லிவிட்டு நிறுத்துவார். பெண்கள் பக்கம், மதில் ஓரம், பின்னால் நிற்கிற இளைஞர்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். விலை ஏறும். அதே மனிதர், ஒரு சிறுபிள்ளை கையில் முப்பது ரூபாயோடு கேக் கேட்டால் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். இரண்டு குடும்பங்கள் பழைய பகையை வைத்துக்கொண்டு ஒரு கிடாய்க்கு ஏற்றிக்கொண்டே போனால், அங்கேயும் வேகமாக முடிப்பார். சபைக்கு வருமானம் குறையும். குறையட்டும். வீம்பில் கேட்ட தொகை பாக்கியாக நிற்கும். பாக்கி வைத்தவர் கோயிலுக்கு வருவதை நிறுத்துவார். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9-இல் இருப்பதை அந்த மைக்கின் முன்னால் நின்று அவர் கைக்கொண்டார். பாக்கிப் பட்டியலை ஆராதனையில் வாசிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தவறு. நல்ல ஏலக்காரர் மறுவாரம் தனியாக வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்.

கோயில் வளாகத்தில் ஏலமே கூடாது என்பவர்கள் யோவான் 2-ஐக் காட்டுகிறார்கள். "என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்" என்ற வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இங்கே விற்க வந்தவர் யாரும் இல்லை. உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரச் சொன்னபடி பலிபீடத்தின் முன் படைத்து ஜெபித்த பிறகே பொருள் வெளியே வருகிறது. பலிபீடத்தில் படைத்த பூசணியை அழுகவிட முடியுமா? யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கத்தான் வேண்டும். ஏலம் லாபத்துக்காகவே நடக்கிறது என்ற நிலை வந்தால் அந்த எதிர்ப்பு நியாயமாகிவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது ஏலம் கூறுகிறவரின் மனசாட்சிதான்.

இப்போது சில சபைகளில் விலை எழுதி ஒட்டி மேசையில் வைத்துவிடுகிறார்கள். சீக்கிரம் முடிகிறது, சண்டை இல்லை என்கிறார்கள். சுரைக்காயில் இருபது ரூபாய் என்று எழுதி ஒட்டினால் அது இருபது ரூபாய்தான்.

கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள்: பெரியவர் இருக்கும்போதே ஒரு இளைஞரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் வருடம் நோட்டு எழுதட்டும். யார் எதற்குக் கேட்கிறார்கள், யார் திணறுகிறார்கள் என்பது அதில் பிடிபடும். அடுத்த வருடம் காய்கறி மட்டும் கூறட்டும். கிடாயைக் கடைசியாகக் கொடுங்கள். அந்தப் பெரியவரின் அடக்க ஆராதனை வரும்போது, ஏலத்தைப் பற்றிப் பேச அந்த இளைஞரையே கூப்பிடுங்கள்.