உனக்கென்ன, ஸ்பெயினில் இருக்கிறாய்!

“ஸ்பெயினில் இருப்பவருக்குக் குளிரா?” என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ஜனவரியில் தென் ஸ்பெயினின் அல்புஹாரா மலைப்பகுதிக்கு வந்து பாருங்கள். தலைக்கு மேலே கிட்டத்தட்ட 3,480 மீட்டர் உயர முலாசென் சிகரம் பனி மூடி நிற்கிறது. கோடை வெயிலைத் தடுக்கக் கட்டிய தடித்த கல்சுவர் வீடு, குளிர்காலத்தில் குகைதான். வாசலில் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்தால் பல் கிட்டுகிறது! கம்பளிக் கோட்டுடன் சமைப்பதும் ஒரு பிழைப்பா?

இரண்டு ஹீட்டர்களைச் சேர்த்துப் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்ததென்று சத்தியம் செய்து இறக்கிய பாதாம் விறகு, நுனியில் நுரை தள்ளிச் சீறுகிறது, வீடெல்லாம் புகைகிறது, எரிய மட்டும் மாட்டேன் என்கிறது. குளிக்க வெந்நீர் தரும் 12.5 கிலோ பியூட்டேன் எரிவாயு சிலிண்டரோ தலையில் சோப்பு நுரை இருக்கும்போதுதான் தீரும். புதியதை வண்டி நுழையாத செங்குத்துச் சந்தில் யார் தூக்கி வருவது?

துவைத்த துணி உலர்வதில்லை. தலையணைகூட ஈரம். சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை. துடைத்தால் அடுத்த வாரமே திரும்பவும் படர்கிறது. கோடையில் வந்து போனவர்கள் சொர்க்கம் என்கிறார்கள். ஏன், பிப்ரவரியில் ஒருவரும் வருவதில்லையே?